மூன்றாம் பெஞ்சில் ஒரு கை

புதுத் தலைமையாசிரியைக்குப் 'படக்காரம்மா' என்று பெயர் வைத்தது வரலாறு டீச்சர்தான். வைத்த அன்றைக்கே அது எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. வரலாறு டீச்சருக்கு அந்தக் கைராசி உண்டு. அவள் ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால், அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கும்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பிள்ளைகள் போன பிறகு பதினாலு ஆசிரியர்களும் நூலக அறைக்குப் போய்ச் சேர வேண்டும். படக்காரம்மா ஜன்னல்களில் பழைய மேஜை விரிப்புகளைக் கட்டி அறையை இருட்டாக்குவார். சுவரில் படம் ஓடும். எங்கெங்கோ இருக்கிற வாத்தியார்கள் வகுப்பெடுப்பதை யாராரோ எடுத்து இணையத்தில் போட்ட வீடியோக்கள். பார்ப்பதற்கு ஒரு விதி இருந்தது. முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"வாத்தியார் என்ன பேசறாங்கன்னு நமக்கு வேண்டாம்" என்பார். "பிள்ளைங்களை மட்டும் பாருங்க. யாரு எங்க பார்க்கறா, யாரு கை தூக்கறா, தூக்கின கையை யாரு இறக்கிக்கறா. அது போதும்."

மூன்று மாதம் இது நல்ல பொழுதுபோக்காகவே இருந்தது. ஒரு படத்தில் ஒரு வாத்தியார் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் முழுக்க வாயைத் திறக்காமல் நின்றார். "கேட்டுட்டு சும்மா நிக்கறதுக்கா சம்பளம்? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் தொண்டை இப்படி நாசமாப் போயிருக்காதே!" என்றாள் வரலாறு டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். கணக்கு டீச்சரும் சிரித்தாள். சிரித்தாளே தவிர, திங்கட்கிழமை வகுப்பில் யாருக்கும் தெரியாமல் செய்தும் பார்த்தாள். நாலு எண்ணுவதற்குள் நாக்கு தானாகப் பதிலைச் சொல்லிவிட்டது. பத்தொன்பது வருஷப் பழக்கம், சொன்ன பேச்சைக் கேட்குமா?

நாலாவது மாதம் படக்காரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். "இனிமே அடுத்தவங்க படம் வேண்டாம். நம்ம படத்தையே பார்ப்போம். ஆளுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் குடுங்க."

முதலில் அறிவியல் சாரின் வகுப்பு ஓடியது. கடைசி பெஞ்சில் இரண்டு பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார்கள். படக்காரம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் பத்தே நாளில் அறிவியல் சாரை மேல் வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்கு மாற்றி உத்தரவு வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா, யாருக்குத் தெரியும்? ஆசிரியர் அறையில் முடிவு கட்டியாகிவிட்டது. இத்தனை நாள் படம் காட்டியது ஆளைக் கழிக்கத்தான்.

கணக்கு டீச்சருக்குப் பயம் பிடித்தது அங்கேதான். எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளில் ஒன்றில் பிள்ளைகள் குறைந்து பத்துப் பேர்தான் மிச்சம். விடுமுறை முடிந்ததும் இரண்டையும் ஒன்றாக்கப் போகிறார்கள். அப்புறம் கணக்குக்கு ஓர் ஆள் போதும். இருப்பதோ இரண்டு பேர். இவள் ஒருத்தி, போன வருஷம்தான் வந்த சின்ன சார் ஒருத்தர். சின்ன சார் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறவர், பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். இவள் ஐந்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் என்று கூப்பிடுகிறவள். யாரை அனுப்புவார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

புதன்கிழமை அவள் முறை. காலையிலிருந்தே தூறல். வகுப்பில் ஈரச் சட்டை வாடையும் சாக்பீஸ் வாடையும் கலந்து வந்தன. போனைப் பக்கவாட்டு ஜன்னல் ஓரத்தில், இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் சாய்த்து வைத்தாள். அங்கே வைத்தால் பலகையும் தெரியும், பிள்ளைகளும் தெரிவார்கள். பதிவாகிறது என்று போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

நாற்பத்தொரு பிள்ளைகள். மூன்றாம் பெஞ்சில் ஓரத்தில் அவள் சொந்த மகள்.

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மகள் ஆறாம் வகுப்பில் இவளிடம் வந்து சேர்ந்த நாளில் டீச்சர் மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தாள். வகுப்பில் அவளிடம் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. 'டீச்சர் மகள், அதான் மார்க்' என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. பள்ளி வாசலைத் தாண்டினால் அம்மா கிடையாது, மிஸ்தான். மூன்று வருஷமாக இதைக் கடைப்பிடித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

பாடம் சராசரி. மார்க்குகளின் சராசரி, உயரத்தின் சராசரி, எல்லாம் மளமளவென்று ஓடியது. ஓரக்கண் மட்டும் அந்தச் சிவப்புப் புள்ளியை விட்டு அகலவில்லை. கடைசியாக ஒரு கணக்கு. ஒரு வண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போய், அதே வழியில் அறுபது வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? கேட்டாள். மூச்சு விடுவதற்குள் அவளே கூட்டி, இரண்டால் வகுத்து, ஐம்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள். பேனாக்கள் ஐம்பது என்று எழுதின. பயிற்சி, வீட்டுப்பாடம் என்று மீதி நேரமும் போய் மணி அடித்தது. அப்பாடா என்று போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்துதான் அதைப் பார்க்கத் துணிந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

வீட்டு முன்னறையில் நாத்தனாரின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கணவருக்கு மூத்தவள், தனி ஆள், பள்ளிச் சீருடை தைப்பதுதான் தொழில். விடுமுறைக்கு முன்னால் எண்பது சட்டை தர வேண்டும். தரையெல்லாம் நீலத் துணி வெட்டு. மெஷின் கடகடவென்று போட்ட சத்தத்தில், படத்தில் தான் என்ன பேசுகிறோம் என்று டீச்சருக்கே கேட்கவில்லை.

"எங்க, எனக்கும் காட்டு. நீ வகுப்பெடுத்து நான் பார்த்ததே இல்லையே" என்றாள் நாத்தனார், பெடலிலிருந்து காலை எடுக்காமலே.

"கணக்கு, அண்ணி. உங்களுக்கு அலுத்துப் போகும்."

"நான் என்ன கணக்கையா பார்க்கப் போறேன்? பாதிப் பிள்ளைங்க சட்டை நான் தைச்சது. உடம்புல எப்படி நிக்குதுன்னு பார்க்கறேன். இப்படித் திருப்பு."

திருப்பினாள். நாத்தனார் ஒரு கண்ணை ஊசி மேலும் ஒரு கண்ணைப் படத்தின் மேலும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். "அந்தப் பையன் காலர் ஏன் இப்படி மடங்குது? துவைக்கத் தெரியாதவங்க. இந்தத் தோள் நல்லா வந்திருக்கு. அடடே, இது நம்ம குருவி! ஏன் இது கையைத் தூக்கிட்டே இருக்கு? அக்குள்ல பிடிக்குதோ? நான் அளவு சரியாத்தானே வெட்டினேன்!"

"கேள்விக்குப் பதில் சொல்லத் தூக்கியிருப்பா, அண்ணி." மகளை நாத்தனார் குருவி என்றுதான் கூப்பிடுவாள்.

"அது சரி, இவ்வளவு நேரமா? பாரேன், வலிக்குது போல. இந்தக் கையால அந்தக் கையைத் தாங்கிக்குது. ஐயோ பாவம், நீ அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கறியே!"

மெஷின் நின்றது. டீச்சர் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தாள். சத்தமே இல்லாமல் பார்த்தாள். ஐம்பது என்று எழுதின நொடியில் மூன்றாம் பெஞ்சில் அந்தக் கை எழுந்தது. அப்புறம் பயிற்சிக் கணக்குகள் எழுதிப் போட்டிருக்கிறாள், யாரையோ திட்டியிருக்கிறாள், வீட்டுப்பாடம் சொல்லியிருக்கிறாள். மணி அடிக்கிற வரைக்கும் ஒன்பது நிமிடம் அந்தக் கை இறங்கவே இல்லை. ஒரு தடவை அவள் பார்வை அந்தப் பக்கம் போய், கையைப் பார்த்து, நகர்ந்துவிட்டது. பார்த்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. அதுதான் முதலில் பயமாக இருந்தது.

"நீ ஏன் அவளைக் கூப்பிடலை?" என்றாள் நாத்தனார்.

"அவளைக் கேக்க மாட்டேன், அண்ணி. சொந்தப் பொண்ணுக்குச் சலுகை காட்டறான்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிடக் கூடாது பாருங்க."

"கேக்கறதா சலுகை?" நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என்னமோம்மா. நான் படிக்காதவ."

மகள் உள்ளே சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் வந்து நின்றதும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து நின்றாள். வீட்டில்கூட இவள் ஏன் எழுந்து நிற்கிறாள் என்று டீச்சருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

"புதன்கிழமை எதுக்கு அவ்வளவு நேரம் கையைத் தூக்கிட்டு இருந்த?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு ஒன்பது நிமிஷமா?"

"சும்மாதாம்மா. ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். பேக்கரியில் விடியற்காலையில் அடுப்பு மூட்டப் போனவர், அப்போதுதான் வேலை முடிந்து வருகிறார். முழங்கை வரை மாவு; அடுப்புத் தட்டு சுட்ட பழைய தழும்புகளின் மேல் புதிதாக ஒன்று. கையில் சூடு ஆறாத ரொட்டிப் பொட்டலம். "என்ன, டீச்சரம்மா வீட்லயும் பரீட்சை வைக்கிறாங்களா?" என்று சிரித்தார். யாரும் சிரிக்காததைக் கண்டு ரொட்டியை மெல்ல மேஜையில் வைத்தார்.

மகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். "நீ ஐம்பதுன்னு எழுதிட்டம்மா. நாப்பத்தெட்டு."

டீச்சருக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டினதுபோல் புரிந்தது. தூரம் நூற்றிருபது என்று வைத்துக்கொண்டால் போக மூன்று மணி, வர இரண்டு மணி. இருநூற்று நாற்பதை ஐந்தால் வகுத்தால் நாற்பத்தெட்டு. வேகத்தைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது, மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று இந்த ஒரு கணக்குக்காக வருஷா வருஷம் எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறாள்! அதே குழியில் அவளே, படம் பதிவாகும்போது, இரண்டு கோடு போட்டு விழுந்திருக்கிறாள்.

"எழுந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ திட்டுவியே." மகள் குரல் உள்ளே போனது. "வீடியோ ஓடிட்டிருந்துச்சா, படக்காரம்மா பார்த்தா உன்னை அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. மணி அடிக்கறதுக்குள்ள நீ என்னைப் பார்த்தா, கிட்ட வந்து மெதுவா சொல்லிடலாம்னுதான் தூக்கினேன்."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை அந்தச் சுவரில், ஆள் உயரத்துக்கு, ஐம்பது என்று அவள் எழுதுவாள். சின்ன சார் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் தெரியாமல் போகுமா?

"இதுக்கு ஏன் இப்படி முகம் வெளுத்துப் போற?" என்றார் கணவர். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "நாளைக்கு இன்னொண்ணு எடு. இதை அழிச்சுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும்."

"பிள்ளைங்க என்ன, அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லப் போகுதா? சரியாப் பதியலைன்னு சொல்லு. இந்த வயசுல உன்னை வெளிய அனுப்பினா எந்தப் பள்ளிக்கூடத்துல போய் நிப்ப? நானும் எத்தனை நாள் இந்த அடுப்புல வேகறது?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம். டீச்சர் தலையை ஆட்டினாள். பிறகு மகளைப் பார்த்து, "நாளைக்கு மறுபடி எடுக்கறேன். நீ கை தூக்க வேண்டாம், சரியா?" என்றாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு மகள் ஊசியை எடுத்துக்கொண்டாள். நாத்தனார் மெஷினை மறுபடி ஓட்டினாள். அன்றைக்கு ரொட்டியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியட். மழை வலுத்திருந்தது. டீச்சர் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளிடம் பொய் சொன்னாள். "புதன்கிழமை எடுத்தது சரியாப் பதியலை. அதே பாடத்தைப் புதுசா நடத்தற மாதிரி நடத்தறேன். கடைசிக் கணக்குக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கற மாதிரி இருந்துட்டு, லீடர் எழுந்து நாப்பத்தெட்டுன்னு சொல்லணும். எப்படி வந்துச்சுன்னு நான் விளக்கறேன்."

"மிஸ், ஐம்பதுன்னுதானே எழுதினோம்?" என்றான் கடைசி பெஞ்ச் வாயாடி. அவனுக்கு எப்போதுமே நேரம் காலம் தெரியாது.

"அதை அப்புறம் பார்க்கலாம். உட்காரு."

போனை வைத்தாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. பாடம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளைகளுக்கு நடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? கன்னத்தில் விரலை வைத்து யோசித்தார்கள், வேண்டிய இடத்தில் தலையை ஆட்டினார்கள். இப்படி ஒரு வகுப்பு அவளுக்கு வாழ்நாளில் அமைந்ததில்லை. கடைசிக் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பி, "சராசரி வேகம் என்ன?" என்றாள். யோசிப்பதுபோல் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். லீடர் எழுந்து, "நாற்பத்தெட்டு, மிஸ்!" என்றாள்.

டீச்சரின் கண் மூன்றாம் பெஞ்சுக்குப் போனது. மகள் கூரையைப் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். எங்கே பழக்க தோஷத்தில் எழுந்துவிடுமோ என்று கைகளை அப்படி அமுக்கி வைத்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன.

விளக்கம் சொல்ல எடுத்த சாக்பீஸை டீச்சர் கீழே வைத்தாள்.

"மூணாவது பெஞ்ச். எழுந்திரு."

மகள் தன்னை இல்லை என்று நினைத்துப் பக்கத்தில் பார்த்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷத்தில் நடக்காதது.

"நீதான். புதன்கிழமை கை தூக்கினியே, என்ன சொல்ல வந்த?"

மகள் எழுந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னல் ஓரத்துப் போனைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல, மிஸ்" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, மிஸ்."

தெரியாதாம்! அம்மாவைக் காப்பாற்ற நாற்பது பிள்ளைகள் முன்னால் முட்டாளாக நிற்கிறாள். டீச்சருக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கால் நகரவில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா நின்றாள். நாலு எண்ணினாள், பத்து எண்ணினாள். மகள் வாயைத் திறக்கவில்லை.

"புதன்கிழமை நான் எழுதினது தப்பு" என்றாள் டீச்சர். அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. "எல்லாரும் அதை நோட்டுல எழுதியிருக்கீங்க. இந்த வகுப்புல ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. நான் பார்க்கலை. இப்ப சொல்லு. ஏன் ஐம்பது இல்லை?"

மகள் பேசத் தொடங்கினாள். "வே... வேகத்தைக் கூட்டக் கூடாது, மிஸ். மெதுவா போகும்போது அதிக நேரம் ஆகுது. அதனால நேரத்தைக் கூட்டணும்..." ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று, அம்மா முகத்தைப் பார்த்து, அங்கே கோபம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அடுத்த வார்த்தைக்குப் போனாள். அவள் பயம் போனைப் பார்த்து இல்லை, வகுப்பைப் பார்த்தும் இல்லை. டீச்சருக்கு அது தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நாளும் தான் படக்காரம்மாவுக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தோமே, இந்தக் குழந்தை தினம் தினம் தன் முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருந்ததா? மற்ற நாற்பது பேரும்?

"மிஸ், அப்ப ஐம்பதை அடிச்சுடலாமா?" என்றான் வாயாடி.

"அடிச்சுடுங்க" என்றாள்.

நாலு மணிக்குத் தலைமையாசிரியை அறையில் போனை நீட்டினாள். "புதன்கிழமை எடுத்தது, மேடம்."

"இன்னைக்கும் எடுத்தீங்கன்னு சொன்னாங்களே?"

"அது வேண்டாம், மேடம். அதுல பாதி நாடகம்."

படக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பிரிவையும் சேர்க்கற விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முடிவு என் கையில மட்டும் இல்லை. இந்தப் படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. நல்லா யோசிச்சுத்தானே குடுக்கறீங்க?"

"யோசிச்சா குடுக்க மாட்டேன், மேடம். எடுத்துக்குங்க" என்றாள்.

சனிக்கிழமை. ஜன்னல்களில் விரிப்புகள் ஏறின. சுவரில் அவள் வகுப்பு ஓடியது, சத்தமில்லாமல். டீச்சர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் அவள் ஐம்பது என்று எழுதினாள். இரண்டு கோடு போட்டாள். முதல் வரிசையில் சின்ன சார் நிமிர்ந்தார், நோட்டில் என்னமோ குறித்தார். மூன்றாம் பெஞ்சில் கை எழுந்தது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அறிவியல் சார் நாற்காலியில் நெளிந்தார்.

"அந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா கை தூக்கிட்டிருக்கா!" என்றார் படக்காரம்மா. வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அவருக்குத் தெரியாது. "யாரு அது?"

அறையில் மற்ற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வரலாறு டீச்சர்கூட, ஆச்சரியம், சும்மா இருந்தாள்.

கணக்கு டீச்சர் எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு, மேடம். நான் போர்டுல தப்பா எழுதிட்டேன். அதைச் சொல்ல வந்தா. எனக்குப் பயந்துக்கிட்டு எழுந்து சொல்லலை."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. படம் முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.